‘கெட்’: பின்னால் நிற்பதைப் பார்த்துப் பொருள் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

அகராதியில் ‘கெட்’ (get) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் கிடை, பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதை மனப்பாடம் செய்துவிட்டுப் பேச வருகிறவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். எந்த இடத்தில் எந்தப் பொருளை எடுப்பது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

இந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் தேடவே வேண்டாம். அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு பொருளின் பெயரா, நிலையைச் சொல்லும் சொல்லா, ஓர் ஊரா, ‘டு’வா, வினையின் மூன்றாம் வடிவமா? பின்னால் நிற்பதுதான் பொருளை முடிவு செய்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். 6ஆம் படி 2ஆம் படியின் மேல் நிற்கிறது, 7ஆம் படி 4ஆம் படி தெரியாமல் குழம்பும்.

1. தொடங்கும் முன்

ஒரு நோட்டு எடுத்துப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம், நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே ஒரு தமிழ் வாக்கியம். வலப்பக்கம் அதற்கான ஆங்கில வாக்கியம். நடுவில் ஒரே ஒரு சொல்: ‘பொருள்’, ‘நிலை’, ‘இடம்’, ‘ஆள்’ என்று, பின்னால் நிற்பது எந்த வகை என எழுத வேண்டும். பலர் நடுப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இந்த நோட்டு இன்னொரு மொழிபெயர்ப்பு நோட்டாகிவிடும்.

இடப்பக்கத்தில் எழுத்துத் தமிழ் வேண்டாம். “எனக்குப் பணி கிடைத்துவிட்டது” என்று எழுதிப் பழகினால், வாய் திறக்கும்போது மனதில் வருவது “எனக்கு வேல கெடச்சிட்டு” என்பதாக இருக்கும். இரண்டும் பொருந்தாமல் நாக்கு நின்றுவிடும்.

வடிவங்கள்: கெட், கெட்ஸ், கெட்டிங், காட். மூன்றாம் வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘காட்’, அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘காட்டன்’. நம் பள்ளிகளில் சொல்லித்தருவது ‘காட்’, அதையே வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ‘கெட்டிங்’கில் ‘டீ’ எழுத்து இரண்டு முறை வரும். ஒன்றோடு நிறுத்துவது நிறையப் பேர் செய்யும் பிழை.

உச்சரிப்பில் இரண்டு கவனம். முதல் ஒலி ‘கடை’யில் வரும் வல்லின ஒலி இல்லை, ‘தங்கம்’ என்பதில் ‘ங்’குக்குப் பின் வரும் மெல்லிய ஒலி. கடைசியில் ‘உ’ சேர்க்கக் கூடாது. நம் வாய் மெய்யெழுத்தில் நிற்க விரும்பாமல் ‘கெட்டு’ என்று முடிக்கப் பார்க்கும். இறந்த காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘காட்டு’ என்பதன் ‘உ’வை விழுங்கி நிறுத்தினால் வருவது ‘கிடைத்தது’ என்ற காட். ‘காடு’ என்பதன் ‘உ’வை விழுங்கினால் வருவது கடவுளைக் குறிக்கும் சொல். முடிவு அழுத்தமாக இருக்க வேண்டும்.

2. பின்னால் ஒரு பொருள் நின்றால்: கிடைத்தது, வாங்கினேன், எடுத்துவந்தேன்

அடிப்படை இதுதான். “ஐ காட் அ ஜாப்”, எனக்கு வேலை கிடைத்தது. “ஐ காட் அ லெட்டர்”, எனக்கு ஒரு கடிதம் வந்தது.

முதல் இடறல் இங்கேயே வருகிறது. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குகிறோம், வேலைதான் எழுவாய். அதை அப்படியே தூக்கி வைத்து “ஃபார் மி ஜாப் காட்” என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘எனக்கு’ என்பது ‘ஐ’ ஆக வேண்டும், ‘அவனுக்கு’ என்பது ‘ஹி’, ‘அக்காவுக்கு’ என்பது ‘மை சிஸ்டர்’. ‘எனக்கு, உனக்கு, அவளுக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களில் பத்தை எடுத்து, முதல் சொல்லை மட்டும் மாற்றிப் பழகுங்கள். இந்த ஒரு மாற்றம் கைவந்தால் அடுத்த படியில் பாதி வேலை முடிந்துவிடும்.

காசு வந்தால் பொருள் ‘வாங்கினேன்’ என்று மாறும். “ஐ காட் திஸ் மேட் இன் பத்தமடை ஃபார் 600 ருபீஸ்” என்றால் பாய் வாங்கியது. விலை இல்லாவிட்டால் வாங்கியதா, யாராவது கொடுத்ததா என்பது பேச்சின் சூழலில் தெரியும்.

ஆள், பொருள் என இரண்டும் வந்தால் ‘கொண்டுவந்து கொடு’ என்று பொருள். “கெட் மி அ டீ.” ஆள் முதலில், பொருள் பிறகு, நடுவில் ‘டு’ வராது. “கெட் டு மி அ டீ” தவறு. பொருளை முன்னால் வைத்தால் “கெட் அ டீ ஃபார் மி” என்று ‘ஃபார்’ வரும்.

“ஒரு டீ வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி” என்பதில் மரியாதையை ‘ங்க’வும் ‘அண்ணாச்சி’யும் சுமக்கின்றன. ஆங்கில வினையில் அந்த ‘ங்க’ கிடையாது. வெறுமனே “கெட் மி அ டீ” என்றால் “ஏல, டீ வாங்கிட்டு வா” என்ற தொனிதான் வரும். பெரியவரிடமோ அலுவலகத்திலோ “குட் யூ கெட் மி அ டீ, ப்ளீஸ்?” என்று கேள்வியாக்க வேண்டும்.

இதே வகையில் கேட்டால் திகைக்க வைக்கும் இரண்டு: “கேன் யூ கெட் த டோர்?” என்றால் கதவைத் தட்டுவது யார் என்று போய்ப் பார்த்துத் திற. “கேன் யூ கெட் த ஃபோன்?” என்றால் அடிக்கிற போனை எடு. கொண்டுவரச் சொல்லவில்லை.

“ஐ காட் அ டவுட்” என்று வகுப்பில் கை தூக்குவது நம் ஊர் வழக்கம். வெளியூர் ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை. நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். “ஐ ஹேவ் அ கொஸ்டின்” போதும்.

3. பின்னால் ஒரு நிலை நின்றால்: ஆயிட்டு, வந்துட்டு

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபட வேண்டிய படி. “நேரம் ஆயிட்டு”, “இருட்டிட்டு”, “கோவம் வந்துட்டு”, “உடம்பு சரியாயிட்டு” என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியதைச் சொல்லும் இந்த ‘ஆயிட்டு’, ‘வந்துட்டு’தான் ‘காட்’. நடந்துகொண்டிருந்தால் ‘கெட்டிங்’.

“நேரம் ஆகுது” என்றால் “இட்ஸ் கெட்டிங் லேட்”. “இருட்டுது” என்றால் “இட்ஸ் கெட்டிங் டார்க்”. “எனக்குக் கோவம் வந்துட்டு” என்றால் “ஐ காட் ஆங்ரி”. “தூக்கம் வருது” என்றால் “ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி”.

கடைசி வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். தமிழில் தூக்கம் ஓர் ஆள் போல வருகிறது. அதனால் “ஸ்லீப் இஸ் கமிங் டு மி” என்ற வாக்கியம் பிறக்கிறது. ஆங்கிலத்தில் தூக்கம் வருவதில்லை, நான்தான் தூங்கும் நிலைக்குப் போகிறேன். எனவே ‘எனக்கு’ ‘ஐ’ ஆகிறது, ‘தூக்கம்’ என்ற பெயர் ‘ஸ்லீப்பி’ என்ற நிலைச்சொல் ஆகிறது, ‘வருது’ ‘கெட்டிங்’ ஆகிறது. மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். பசி, கோபம், சலிப்பு, பயம் எல்லாவற்றுக்கும் இதே மூன்று மாற்றம்தான். தாகத்தைக்கூட “ஐ ஆம் கெட்டிங் தர்ஸ்டி” என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, ‘ஆம்’ என்பதற்கும் ‘கெட்டிங்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. “ஐ ஆம் ஹங்ரி” என்றால் பசிக்கிறது. “ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி” என்றால் பசி எடுக்கத் தொடங்குகிறது. தலைவலியிலும் அப்படித்தான். காலையிலிருந்து தலை வலிக்கிறது என்றால் “ஐ ஹேவ் அ ஹெட்ஏக்”. “ஐ ஆம் கெட்டிங் அ ஹெட்ஏக்” என்று மருத்துவரிடம் சொன்னால், இப்போதுதான் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்.

வரவரக் கூடுகிற, குறைகிற எதற்கும் ‘கெட்டிங்’ பொருந்தும். சித்திரை வெயிலுக்கு “இட்ஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்”. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் குற்றாலத்தில் சாரல் விழும்போது “இட்ஸ் கெட்டிங் கூலர்”.

இந்தப் படியில் அடிக்கடி வரும் பிழைகள் நான்கு.

“ஐ ஆம் கெட்டிங் போரிங்.” இதன் பொருள், நான் பிறரைச் சலிப்பூட்டும் ஆளாக மாறிவருகிறேன். எனக்குச் சலிப்பாக இருந்தால் ‘போர்ட்’. “ஐ ஆம் கெட்டிங் போர்ட்.” உணர்ச்சி உங்களுக்கு என்றால் ‘ட்’, உணர்ச்சியை உண்டாக்குவது என்றால் ‘இங்’.

“ஷி காட் மேரீட் வித் மை கசின்.” தமிழின் ‘ஓடு’ உள்ளே புகுந்துவிட்டது. “காட் மேரீட் டு” என்பதே சரி. ‘கெட் மேரீட்’ கல்யாணம் நடந்த நிகழ்ச்சி, ‘பீ மேரீட்’ கல்யாணமான நிலை. “வென் டிட் யூ கெட் மேரீட்?” என்றால் எப்போது கல்யாணம் ஆச்சு. “ஆர் யூ மேரீட்?” என்றால் கல்யாணம் ஆயிட்டா.

“மை சன் காட் அ டாக்டர்.” மகன் டாக்டர் ஆனான் என்று சொல்ல நினைத்தது. ஆனால் பின்னால் நிற்பது ஒரு பெயர்ச்சொல், எனவே இது 2ஆம் படிக்குப் போய்விட்டது. மகனுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார், அல்லது மகன் டாக்டரை அழைத்துவந்தான். தொழிலும் பதவியும் வந்தால் ‘பிகேம்’ மட்டும்தான்.

“ஐ காட் யூஸ்ட் டு ஒர்க் அட் நைட்.” பழகிவிட்டது என்ற பொருளில் வரும் ‘கெட் யூஸ்ட் டு’வுக்குப் பின் ‘இங்’ வடிவம் வேண்டும்: “ஐ காட் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்”. இந்த ‘டு’ வினையோடு சேர்ந்தது இல்லை, பெயரோடு சேர்வது. “காட் யூஸ்ட் டு த ஹீட்” என்று ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

பால், சோறு கெட்டுப்போனால் ‘காட்’ வேண்டாம். “த மில்க் வென்ட் பேட்.” நாம் ‘கெட்டுப்போச்சு’ என்பதில் ‘போ’ வைக்கிற மாதிரியே அவர்களும் ‘போ’ வைக்கிறார்கள்.

4. பின்னால் ஓர் இடம் நின்றால்: போய்ச் சேர்ந்தேன்

ஊர்ப்பெயருக்கு முன் ‘டு’ வேண்டும். “வி காட் டு தென்காசி அட் டென்.” பத்து மணிக்குத் தென்காசி போய்ச் சேர்ந்தோம். வழி கேட்க மிகவும் உதவும் வாக்கியம் இதுதான்: “ஹவ் டூ ஐ கெட் டு த நியூ பஸ் ஸ்டாண்ட்?”

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ வராது. “ஐ காட் ஹோம்”, “ஹவ் டிட் யூ கெட் ஹியர்?” இந்த மூன்று சொற்களிலும் ‘க்கு’ உள்ளேயே இருக்கிறது. ‘ரீச்’ என்ற சொல்லைப் போட்டால் எந்த இடத்துக்கும் ‘டு’ கிடையாது. “ரீச்ட் டு தென்காசி” தவறு, “ரீச்ட் தென்காசி” சரி.

‘வென்ட்’ என்றால் போனேன், ‘காட்’ என்றால் சேர்ந்தேன். “ஐ வென்ட் டு பாபநாசம் யெஸ்டர்டே” சரி. எத்தனை மணிக்கு என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ‘காட்’ பொருந்தும்.

5. ஏறுவதும் இறங்குவதும்

“அண்ணாச்சி, முருகன்குறிச்சியில இறங்கணும்.” இதை “ஐ வான்ட் டு கெட் டவுன் அட் முருகன்குறிச்சி” என்கிறோம். இங்கே எல்லாருக்கும் புரியும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ‘கெட் டவுன்’ என்றால் குனி, படு, அல்லது ஏணி, மரம் போன்ற உயரத்திலிருந்து இறங்கு. பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’: “ஐ வான்ட் டு கெட் ஆஃப் அட் முருகன்குறிச்சி”.

வண்டியைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். உள்ளே நின்று நடக்கக்கூடியவை, அதாவது பஸ், ரயில், விமானம்: ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. மேலே கால் போட்டு உட்காருபவை, அதாவது சைக்கிள், பைக்: அதே ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காருபவை, அதாவது கார், ஆட்டோ, டாக்சி: ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’.

‘கெட் அவுட்’ என்பதை விரட்டும் சொல்லாக மட்டுமே அறிந்தவர்கள் “ஷி காட் அவுட் ஆஃப் த ஆட்டோ” என்று சொல்லத் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். ‘ஆஃப்’ சேர்த்து ஒரு வண்டியோ இடமோ வந்துவிட்டால் அதில் கோபம் இல்லை.

6. ஆள் வைத்துச் செய்தது

அதிகம் பேர் விழும் பள்ளம் இது. தமிழில் “முடி வெட்டிட்டு வந்தேன்” என்கிறோம். வெட்டியவர் வேறு ஆள் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. “வீட்டுக்கு வெள்ளையடிச்சேன்” என்றாலும் ஆள் வைத்து அடித்தது என்று கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் “ஐ கட் மை ஹேர்” என்றால், கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரி பிடித்தீர்கள் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

வரிசை இதுதான்: முதலில் கெட், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்.

“ஐ காட் மை ஹேர் கட்.” “ஷி காட் அ பிளவுஸ் ஸ்டிச்ட்.” “வி காட் த ஹவுஸ் பெயின்டட்.” “ஐ காட் மை ஆதார் அப்டேட்டட்.”

வாக்கியத்தை இப்படிக் கட்டுங்கள். பொருளை முதலில் எழுதுங்கள்: மை பைக். அதன் வலப்புறம் மூன்றாம் வடிவம்: மை பைக் ரிப்பேர்ட். இடப்புறம் ஆளும் காலமும்: ஐ காட் மை பைக் ரிப்பேர்ட். இடமிருந்து வலமாகக் கட்டப் போனால் “ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்” என்று வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்பது இந்த ஒரு அமைப்பில் நமக்கு உதவி. “பைக்கைச் சரிசெய்ய” என்ற வரிசை அப்படியே நிற்கிறது.

இதற்கு மூன்றாம் வடிவம் பத்து தெரிந்தால் ஊர் வேலை முழுக்க ஓடும்: கட், ஸ்டிச்ட், வாஷ்ட், ரிப்பேர்ட், பிரின்டட், சைன்ட், செக்ட், சேஞ்ச்ட், பெயின்டட், அட்டெஸ்டட். காலம் மாறினால் ‘கெட்’ மட்டும் மாறும். “ஐ ஆம் கெட்டிங் த டயர் சேஞ்ச்ட்”, “ஐ வில் கெட் இட் சைன்ட்”. கடைசிச் சொல்லைத் தொடக்கூடாது.

செய்த ஆளைச் சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும்: கெட், ஆள், ‘டு’, வினையின் முதல் வடிவம். “ஐ காட் த மெக்கானிக் டு செக் த பிரேக்.” மெக்கானிக்கிடம் சொல்லிப் பிரேக்கைப் பார்க்க வைத்தேன். இங்கே ‘டு’ கட்டாயம். “ஐ காட் ஹிம் செக்” என்பது ‘மேக்’ என்ற சொல்லின் அமைப்பைப் பார்த்து வந்த பிழை. ‘மேக்’குக்கு ‘டு’ இல்லை: “ஐ மேட் ஹிம் செக்”. பொருளும் வேறு. ‘மேட்’ என்றால் விடாமல் செய்ய வைத்தது, ‘காட்’ என்றால் கேட்டோ பேசியோ இணங்க வைத்தது.

7. ‘காட் டு’: ஒரே ஒலி, மூன்று பொருள்

இடம் வந்தால் சேர்ந்தேன், 4ஆம் படியில் பார்த்தது. வினை வந்தால் இரண்டு வழி பிரியும்.

“ஐ காட் டு சீ த தேர்.” ஆனித் தேரோட்டத்தில் தேரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

“ஐவ் காட் டு சீ த தேர்.” தேரைப் பார்த்தே ஆகணும்.

நடுவில் இருப்பது ஒரு சிறிய ‘வ்’ மட்டும். வேகமாகப் பேசும்போது அதுவும் விழுந்துவிடும், ‘காடா’ என்றுதான் காதில் கேட்கும். அப்போது காலத்தைப் பாருங்கள். நேற்று, போன வருஷம் என்று வந்தால் வாய்ப்பு. இனி நடக்க வேண்டியது என்றால் கட்டாயம். நீங்கள் பேசும்போது ‘வ்’வை விழுங்காதீர்கள்.

கட்டாயத்தின் இறந்த காலம் ‘ஹேட் டு’. “நேத்து போக வேண்டியதாயிட்டு” என்றால் “ஐ ஹேட் டு கோ”. இங்கே ‘காட் டு கோ’ போட்டால் போகக் கொடுத்துவைத்தது என்று பொருள் திரும்பிவிடும்.

‘காட் டு நோ’ ஆளுக்கு, பழகப் பழகத் தெரிந்துகொண்டது. “ஐ காட் டு நோ ஹிம் இன் காலேஜ்.” செய்தி தெரியவந்தால் “ஐ ஹேர்ட்” அல்லது “ஐ ஃபவுண்ட் அவுட்” போடுங்கள்.

8. ‘ஹேவ் காட்’: என்னிடம் இருக்கிறது

“ஐவ் காட் டூ பிரதர்ஸ்.” கிடைத்ததைப் பற்றிய பேச்சு இல்லை, இருக்கிறார்கள் என்பதுதான். “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்று நாம் சொல்லிப் பழகியது தவறு. உடைமைக்கும் உறவுக்கும் ‘இங்’ வராது.

கேள்வி “ஹேவ் யூ காட் சேஞ்ச்?” அல்லது “டூ யூ ஹேவ் சேஞ்ச்?” இரண்டையும் கலந்து “டூ யூ ஹேவ் காட்” என்று கேட்கக் கூடாது. இறந்த காலத்துக்கு ‘ஹேட்’ மட்டும் போதும். அமெரிக்கரிடம் ‘ஐவ் காட்’ என்றால் இருக்கிறது, ‘ஐவ் காட்டன்’ என்றால் கிடைத்திருக்கிறது அல்லது ஆகியிருக்கிறது.

பொதுக் கேள்வியில் ஒரு பிழை: “டிட் யூ காட் இட்?” ‘டிட்’ ஏற்கெனவே இறந்த காலத்தைச் சுமக்கிறது. “டிட் யூ கெட் இட்?” ‘டிடன்ட்’டுக்கும் அதே.

9. நேர்ந்துவிட்டது

“செல்லு உடஞ்சிட்டு”, “பைக் களவு போயிட்டு”, “மழையில மாட்டிக்கிட்டோம்”. விரும்பாமல், எதிர்பாராமல் நடந்தவற்றுக்கு ‘காட்’டும் மூன்றாம் வடிவமும். “மை ஃபோன் காட் புரோக்கன்”, “த பைக் காட் ஸ்டோலன்”, “வி காட் காட் இன் த ரெயின்”. கடைசியில் வரும் இரண்டாவது ‘காட்’ ‘கேட்ச்’ என்பதன் மூன்றாம் வடிவம். அதன் உயிர் சற்று நீண்டு ஒலிக்கும்.

6ஆம் படியோடு இதைக் கலக்காதீர்கள். பொருள் ‘காட்’டுக்கு முன் நின்றால் நேர்ந்தது, பின் நின்றால் செய்யவைத்தது. “ஐ காட் மை பைக் ஸ்டோலன்” என்றால் நீங்களே ஆள் வைத்துத் திருடச் சொன்னது போல் ஒலிக்கக்கூடும். காவல் நிலையத்துக்கு எழுதும்போது “மை பைக் வாஸ் ஸ்டோலன்” என்பதே முறை.

10. ஒட்டுச் சொற்கள்

இவற்றில் நூற்றுக்கணக்கில் உண்டு. முதலில் எட்டு போதும். ‘கெட் அப்’ எழு (கண் விழிப்பது ‘வேக் அப்’, படுக்கையை விட்டு எழுவது ‘கெட் அப்’). ‘கெட் பேக்’ திரும்பி வா, திரும்பப் பெறு. ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள். ‘கெட் அலாங் வித்’ ஒத்துப்போ. மயினியோடு ஒத்துப்போகிறாள் என்றால் “ஷி கெட்ஸ் அலாங் வித் ஹெர் சிஸ்டர் இன் லா”. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளி. ‘கெட் த்ரூ’ தேர்வில் தேறு, போன் லைன் கிடை. ‘கெட் அக்ராஸ்’ சொல்ல வந்ததைப் புரியவை. ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டு.

‘இட்’, ‘தெம்’ போன்ற சிறு சொல் வந்தால் நடுவில் வைக்க வேண்டும். “ஐ காட் இட் பேக்” சரி, “காட் பேக் இட்” தவறு. ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘அலாங் வித்’, ‘ரிட் ஆஃப்’ நான்கும் இதற்கு விலக்கு. “காட் ஓவர் இட்” என்று கடைசியில்தான் வரும்.

‘புரியுது’ என்பதற்கு “ஐ கெட் இட்”. “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” என்பது நம் நாட்டு வழக்கு, வெளியே “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்” என்று சொல்லுங்கள். நண்பரிடம் “காட் இட்” போதும், மேலதிகாரியிடம் “அண்டர்ஸ்டுட்” என்பது பாதுகாப்பு.

11. எழுத்தில் எங்கே நீக்க வேண்டும்

வாட்ஸ்அப்பிலும் பேச்சிலும் ‘கெட்’ இயல்பு. விண்ணப்பம், வேலைக்கான கடிதம், அலுவலக மனு இவற்றில் அது சட்டை பொத்தான் போடாமல் வந்த மாதிரி தெரியும். எழுதி முடித்தபின் ஒவ்வொரு ‘கெட்’டையும் வட்டமிட்டு, நடுப்பகுதியில் எழுதிய வகையைப் பார்த்து மாற்றுங்கள். பொருள் என்றால் ‘ரிசீவ்’, முயன்று பெற்றது என்றால் ‘அப்டெய்ன்’, விலைக்கு என்றால் ‘பர்ச்சேஸ்’, நிலை என்றால் ‘பிகம்’, இடம் என்றால் ‘அரைவ்’. ‘அரைவ்’ வந்தால் ‘டு’ போய் ‘அட்’ அல்லது ‘இன்’ வரும். நேர்ந்தது என்றால் ‘வாஸ்’.

12. சரிபார்க்க ஆறு வாக்கியங்கள்

நாளுக்குப் பத்து வாக்கியம் நோட்டில் ஏறட்டும். ஒரு படியில் மூன்று நாள் நின்று, பிழை இல்லாமல் வந்தபின் அடுத்த படிக்குப் போங்கள். எல்லாம் முடிந்ததும், கீழே உள்ளவற்றை விடையை மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

“எனக்குப் பசி வருது.” — ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி. (நிலை)

“அம்பாசமுத்திரத்துக்கு எப்படிப் போறது?” — ஹவ் டூ ஐ கெட் டு அம்பாசமுத்திரம்? (இடம்)

“தம்பிக்கு டிகிரி கெடச்சிட்டு.” — மை பிரதர் காட் ஹிஸ் டிகிரி. (பொருள்)

“கண்ணாடிக்கு பிரேம் மாத்தினேன்.” — ஐ காட் த ஃபிரேம் ஆஃப் மை கிளாஸஸ் சேஞ்ச்ட். (ஆள் வைத்து)

“அப்பாவைச் சம்மதிக்க வச்சிட்டேன்.” — ஐ காட் மை ஃபாதர் டு அக்ரீ. (ஆள், டு)

“வெரசா கெளம்பணும்.” — ஐவ் காட் டு லீவ் சூன். (கட்டாயம்)

ஆறில் எங்கு நின்றீர்களோ அந்த அடைப்புக்குறியில் உள்ள வகையைப் பார்த்து, அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போங்கள். “ஐ சேஞ்ச்ட் த ஃபிரேம்” என்று வாயில் வந்திருந்தால் 6ஆம் படியில் இன்னும் மூன்று நாள்.